கேப்டன் வீட்டில் விடமாட்டார்கள்

இந்த வருடம் போயே தீருவது என்று முடிவு செய்தோம்.

எங்கே என்று கேட்கிறீர்களா? ரோடு இல்லாத இடத்துக்கு. ரோடு இருக்கிற இடத்துக்கு எவன் வேண்டுமானாலும் போவான். எங்களுக்குத் தார் கண்ணில் படக்கூடாது. பெட்ரோல் பங்க் கண்ணில் படக்கூடாது. காடு, கரடு, ஆறு, பாறை என்று பைக்கிலேயே போய், இருட்டினால் கூடாரம் அடித்துத் தூங்கி, விடிந்ததும் அதைவிட மோசமான இடத்துக்குப் போக வேண்டும். இதற்கு ஆஃப் ரோடு என்று பெயர்.

"நீங்க ரோட்டுல போனாலே வண்டி ஆஃப் ஆகுது. இதுல ஆஃப் ரோடு வேறயா?" என்பாள் என் மனைவி.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். டிரைவிங் ஸ்கூலில் வேலை. காரும் சொல்லிக்கொடுப்பாள், பைக்கும் சொல்லிக்கொடுப்பாள். பயிற்சிக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டீயரிங் கற்றுக்கொள்கிறவர் கையில் இருக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். எங்கள் குடும்பமும் அதே ஏற்பாடுதான். நான் பாட்டுக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பேன். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி தானாக நிற்கும்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வேன். தூரத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டுவது என் தொழில். நானே எழுந்து அங்கே போக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர். ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்க வைப்பவர், வீட்டில் மட்டும் தானே வாயைத் திறக்காதவர். இன்னொருவருக்கு மைக், ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு விடுகிற தொழில். அவரை நாங்கள் சவுண்டு என்று கூப்பிடுவோம். அவர் பேசினால் அவருக்கே கேட்காது. மூன்றாவது ஆள் நான். கேப்டன்.

என்னைக் கேப்டன் ஆக்கியதற்குக் காரணம் உண்டு. வழி போடுவது நான்தான். வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். இந்த ஓடையைத் தாண்டினால் மரம் வெட்டுகிறவர்கள் எப்போதோ போட்ட பாதை. அது முடிகிற இடத்தில் சரளை. சரளை முடிந்தால் மணல். மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், பாறை வந்தால் திரும்ப ஏற்ற வேண்டும். ஆற்றில் இறங்குவதற்கு முன் ஆழத்தைக் காலால் பார்க்க வேண்டும். கேளுங்கள், எதை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வேன். வரைபடத்தில் நான் புலி. ஒருமுறை கூடாரத்தைச் சோதித்துப் பார்க்க ஹாலிலேயே அடித்து உள்ளே படுத்தேன். ஜிப் மாட்டிக்கொண்டது. மனைவி வேலையிலிருந்து வரும் வரை உள்ளேயே இருந்தேன். அதுவும் ஓர் அனுபவம்தான்.

இப்போது உங்களிடம் மட்டும் ஓர் உண்மை. யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்குப் போக ஆசை இல்லை. துளிக்கூட இல்லை. திட்டம் போடுவதில் இருக்கிற சுகம் போவதில் கிடையாது. திட்டத்தில் கொசு கடிக்காது, வண்டி சேற்றில் புதையாது, என் முதுகெலும்பு முழுசாக இருக்கும்.

அப்படியென்றால் கேப்டன் பதவியை எப்படிக் காப்பாற்றினேன் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் மனைவி.

தமிழில் 'முடியாது' என்பதற்கு மரியாதையான சொல் 'பார்க்கலாம்'. லீவு கேட்டால் முதலாளி பார்க்கலாம் என்பார். லீவு போயிற்று என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஒருமுறை 'பாக்கலாம்' என்றால் கிடையாது. 'பாக்கலாம் பாக்கலாம்' என்று இரண்டு முறை சொன்னால், இனிமேல் கேட்டால் நடப்பதே வேறு. நான் ஒவ்வொரு வருடமும் வழியைப் போட்டு முடித்து, நாள் குறித்து, கடைசியில் அவளிடம் கேட்பேன். அவள் பாக்கலாம் என்பாள். உடனே நான் தொங்கிய முகத்தோடு நண்பர்களிடம் போவேன்.

"வீட்ல விடலப்பா."

"கேப்டன் இல்லாம நாங்க மட்டும் எப்படிப் போறது?" என்பார் டாக்டர்.

சவுண்டு ஏதோ சொல்வார். ஆறுதலாகத்தான் இருக்கும்.

பயணம் நின்றுவிடும். என் வீரம் நிற்கும். இப்படி வருடக்கணக்காக ஓடியது.

இந்த வருடமும் அப்படித்தான் ஆரம்பித்தது. கட்டிலில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணிகளின் மேலேயே வரைபடத்தை விரித்தேன்.

"அடுத்த மாசம் ஒரு வாரம். மூணு பேரும் கிளம்பறோம். மலைக்கு அந்தப் பக்கம். நீ என்ன சொல்றே?"

வரைபடத்தைத் தூக்கி, கீழே இருந்த துண்டை எடுத்து மடித்தாள்.

"பாக்கலாம்" என்றாள். ஒரே ஒரு முறை.

அப்பாடா என்று இருந்தது. வெளியே பெருமூச்சு, உள்ளே சீட்டி. அன்றைக்கே நண்பர்களுக்குச் செய்தி சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துப் பல் டாக்டர் கடைக்கு வந்தார். முகம் பேயறைந்தது போல் இருந்தது. கண் பரிசோதிக்கிற நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தார்.

"கேப்டன், உங்க வீட்ல சரின்னுட்டாங்களாமே."

"யாரு சொன்னா? பாக்கலாம்னுதான் சொன்னா. பாக்கலாம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க வீட்டு அம்மா உங்க மிஸஸ்கிட்டதானே கார் கத்துக்கறா. இன்னைக்குக் காலைல கார்லயே சொன்னாங்களாம். இந்தத் தடவை போகட்டும்னு."

எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகள் எனக்கு மங்கலாகத் தெரிந்தன.

வீட்டுக்கு ஓடினேன். அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் என்னவோ எனக்குத்தான் வந்தது.

"ஏம்மா, நீ பாக்கலாம்னுதானே சொன்னே?"

"ஆமா."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம். மலை, காடு, ஆறு, எல்லாம் பாக்கலாம். போய்ப் பாருங்க. பாக்க வேண்டாம்னா சொன்னேன்?"

"இத்தனை வருஷமும் அப்படித்தான் சொன்னியா?"

"நான் எப்பவும் பாக்கலாம்னுதான் சொல்லியிருக்கேன். போகாதது நீங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. என் நிலைமை அதுதான். "நல்லதாப் போச்சு" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சரி, வாயால் வந்ததை வாயாலேயே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"அங்க கரடி இருக்காம்."

"இருக்கட்டும். அதுக்கும் வீடு வேணுமில்ல."

"ஆத்துல திடீர்னு வெள்ளம் வருமாம்."

"நீங்கதான் காலால ஆழம் பாத்துட்டு இறங்கணும்னு எல்லாருக்கும் பாடம் எடுப்பீங்களே."

"ஒரு வாரத்துக்கு போன் சிக்னலே கிடைக்காது. என் குரலைக்கூடக் கேக்க முடியாது உன்னால."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஒரு வாரம் முழுசாவா?"

அந்த வழி அடைபட்டது. மறுநாள் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஐயோ அம்மா என்று சுவரைப் பிடித்து நடந்தேன். அவள் பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிப் போனாள். சாயங்காலம் வரும்போது இடுப்புக்குப் பட்டை ஒன்று வாங்கி வந்தாள். பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கென்றே செய்ததாம். அதைக் கட்டிக்கொண்டால் மூச்சு விட முடியாது, வலி எப்படி வரும்?

இதற்குள் டாக்டரும் சவுண்டும் தினமும் போன் செய்யத் தொடங்கினார்கள். "உங்க வீட்ல மனசு மாறலையா?" என்று டாக்டர் கேட்பார். ஆர்வத்தில் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். சவுண்டு போனில் மூச்சு மட்டும் விட்டார். அதுவும் உற்சாகம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மனைவியே சொன்னாள்.

"போறதுக்கு முன்னாடி எங்க ஸ்கூல் மைதானத்துல வந்து ஒரு எட்டுப் போட்டுக் காட்டுங்க. பின்பக்கம் மணலா இருக்கு. நீங்க போற இடமும் மணல்தானே."

எனக்கு உயிர் வந்தது. எட்டு என்றால் தெரியும் அல்லவா? லைசென்ஸுக்கு வருகிறவர்கள் காலைக் கீழே ஊன்றாமல் எட்டு வடிவத்தில் பைக்கை ஓட்டிக் காட்ட வேண்டும். நான் தோற்றுவிட்டால் அவளே வேண்டாம் என்றுவிடுவாள். மானமும் போகாது, மணல் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். பாதியில் வேண்டுமென்றே விழுந்துவிடுவது என்று திட்டம் போட்டேன்.

மைதானத்தில் அவளுடைய மாணவர்கள் ஓரமாக நின்றார்கள். ஹெல்மெட், ஜாக்கெட், முழங்கால் கவசம், இடுப்புப் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு நான் போருக்குப் போகிறவன் மாதிரி வந்தேன். "சார் காட்டுலயே ஓட்டுவாராம்" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது. நெஞ்சை நிமிர்த்தினேன். பட்டை விடவில்லை.

கிளம்பினேன். வேண்டுமென்றே விழ வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவள் எட்டுப் போடச் சொன்னாள். நான் ஒன்று போட்டேன். ஒன்று என்றால் நேர்க்கோடு. அதன் முடிவில் ஒரு மணல் மேடு. வண்டி அங்கேயே நின்றுவிட்டது, நான் மட்டும் கொஞ்சம் முன்னால் போனேன்.

விழுவதற்கு முன் ஒன்றைப் பார்த்தேன். மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தவளின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதிக்கிற மாதிரி. பயிற்சிக் காரில் பழகிய கால். அங்கே பிரேக் இல்லை என்பது அந்தக் காலுக்குத் தெரியவில்லை. அதை நினைத்து, மணலுக்குள் தலை இருந்தபோதும், எனக்கு மனசு என்னவோ செய்தது.

ஓடி வந்தாள். "அடிபட்டுதா? கையை ஆட்டுங்க. விரலை மடக்குங்க." எல்லாம் மடங்கியது. உடனே மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? பயந்தா பார்வை கீழே போகும். பார்வை எங்க போகுதோ வண்டி அங்க போகும்." மாணவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது நல்ல பாடம்.

வீட்டில் என் முழங்கையைக் கழுவி மருந்து போட்டாள். எரிந்தது. ஆனாலும் உள்ளே சந்தோஷம். இப்போது சொல்லப்போகிறாள், 'போக வேண்டாம்' என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணும் மோசமில்ல" என்றாள். "இன்னும் நாள் இருக்கு. தினம் சாயங்காலம் வந்து ஓட்டுங்க. நான் பழக்கிடறேன்."

நான் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சை மறுபடி மருந்தில் நனைத்தாள்.

"சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"தொண்டையில நிக்குதே, அத."

எத்தனை நாள்தான் நிற்கும்? சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பயமா இருக்கு. எப்பவும் பயம்தான். எனக்குப் போக வேண்டாம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பஞ்சைக் கீழே வைத்தாள்.

"இத முதல்லயே என்கிட்ட சொல்றதுக்கு என்ன? இந்த ஊர்ல எனக்கு என்ன பேர் தெரியுமா உங்களுக்கு? புதுசா சேந்த பொண்ணு, முதல் நாள் கார்ல ஏறினதும் கேக்கறா. 'புருஷன வெளியவே விடாத மேடம் நீங்கதானா'ன்னு. நான் என்னைக்காவது உங்களப் போகாதீங்கன்னு சொல்லியிருக்கேனா? நீங்க வீரனா இருக்கறதுக்கு நான் ராட்சசியா இருக்கணுமா?"

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"தப்புதான்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வராங்க. கடைசித் தடவையா ஒரே ஒரு தடவை மட்டும் ராட்சசியா..." என்று இழுத்தேன்.

அவள் மருந்து பாட்டிலை மூடி வைத்தாள்.

"சரி. சொல்றேன். ஆனா நான் எப்படிச் சொன்னாலும் நீங்க நடுவுல பேசக்கூடாது."

"மூச்சு விடமாட்டேன்."

அன்று தூங்கின தூக்கம் இருக்கிறதே, அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கி வெகுநாளாயிற்று.

மறுநாள் இருவரும் வந்தார்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். நான் தொங்கிய முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். மனைவி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இவர் போகக்கூடாது. நான் விடமாட்டேன்."

ஆகா, என்ன கம்பீரம். நான் பெருமூச்சு விட ஆரம்பித்தேன். அதற்குள் ஹாலில் வேறு இரண்டு பெருமூச்சுகள் கேட்டன. என்னுடையதைவிடப் பெரிசு. டாக்டரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. சவுண்டு வாழ்க்கையில் முதல்முறையாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"ரொம்ப சந்தோ... வருத்தம் மேடம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களும் என் கட்சிதான். இத்தனை வருடமும் என் மனைவி தயவில் மூன்று வீரர்கள் வாழ்ந்திருக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்ப என்ன பண்றது சிஸ்டர்" என்றார் டாக்டர், எழுந்துகொண்டே. "கேப்டன் இல்லாம ட்ரிப் இல்ல. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"உக்காருங்க" என்றாள் மனைவி. "ட்ரிப் ஏன் நிக்கணும்? இவர்தானே போகக்கூடாது. வழி போட்டாச்சு. கூடாரம் இருக்கு. நீங்க லீவு போட்டாச்சு. நான் வரேன் கேப்டனா."

டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார்.

"எங்க வீட்ல ஒரு வார்த்தை..."

"கேட்டுட்டேன். அவங்களும் வராங்க. உங்க பின்னாடி உக்காந்து. ஆசையாம்."

டாக்டர் வாயைத் திறந்தார். நோயாளி மாதிரி திறந்தபடியே இருந்தார். சவுண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"உங்க வீட்லயும் கேட்டாச்சு" என்றாள் அவரைப் பார்த்து. "'தாராளமா கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னாங்க. தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் மைதானத்துக்கு வந்துடுங்க. எட்டுலேருந்து ஆரம்பிக்கலாம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். காப்பாற்று என்கிற பார்வை. நான் என்ன செய்ய முடியும்? நடுவில் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வாக்கைக் காப்பாற்றியதில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்கள் பொன்னான நாட்கள். அவர்கள் இருவரும் மணலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தபோது நான் வீட்டில் நிம்மதியாக வழியைச் சரிபார்த்தேன். சாப்பாட்டு மேஜை முழுவதும் வரைபடம். மனைவி என் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள்.

"இந்த இடத்துல ஆறு எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"முழங்கால் அளவு. ராத்திரி மழை பெஞ்சிருந்தா இறங்காதே. மேல ஒரு மரப்பாலம் இருக்கு, சுத்திப் போ."

"இது என்ன, இவ்வளவு சரிவு?"

"முதல் கியர்ல இறங்கு. பிரேக்க மட்டும் நம்பாதே."

"பிரேக்க நம்பாதேன்னு என்கிட்டயே சொல்றீங்க" என்று சிரித்தாள். அப்புறம் வரைபடத்தை மேலிருந்து கீழே ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க. நிஜமாவே நல்லா இருக்கு."

இத்தனை வருடம் வழி போட்டேன். அதை நம்பி ஒருத்தி கிளம்புவது இதுதான் முதல் தடவை.

கிளம்புகிற காலை. விடிந்தும் விடியாத வெளிச்சம். டாக்டர் வண்டியில் பின்னால் அவர் மனைவி, முகமெல்லாம் சிரிப்பு. முன்னால் டாக்டர், பல் பிடுங்கக் காத்திருக்கிறவர் மாதிரி. சவுண்டு கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார், வேண்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அவர்கள் இருவரும் என்னோடு பேசவில்லை. பாவம், பேசுகிற நிலையில் இல்லை.

என் மனைவி என் ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். எனக்கு வயிற்றில் பிடிக்கிற ஜாக்கெட் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். என் மனசு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. ஒரு வாரம் கரடி இல்லை, கொசு இல்லை, மெத்தை உண்டு. ஆனாலும் கட்டின புருஷன் என்று ஒருவன் அங்கே நிற்கிறான் இல்லையா? தெருவில் ஜன்னல்கள் வேறு திறந்திருந்தன. நாலு பேர் காதில் விழட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"தைரியமா போயிட்டு வா. வழியில ஏதாவது ஒண்ணுன்னா எப்படியாவது தகவல் மட்டும் சொல்லு. காடோ மலையோ, அடுத்த நிமிஷம் என் வண்டிய எடுத்துட்டு அங்க வந்து நிப்பேன்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். தான் உட்கார்ந்திருந்த பைக்கை ஒருமுறை பார்த்தாள். சாவியைத் திருகினாள்.

"எந்த வண்டிய?" என்றாள்.